மொய் நோட்டும் புதுத் தொழிலும்: வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். தேங்காய் எண்ணெய்க்கு மரச்செக்கு போட இணையத்தில் கிரவுட்ஃபண்டிங், அதாவது பலரிடம் சிறு சிறு தொகையாகப் பணம், கேட்டேன். மூன்று மாதத்தில் சேர்ந்தது 11,000 ரூபாய். அதே ஆடியில் சித்தப்பா மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் வாங்கினார். தொழிலை நம்பிப் பணம் போடும் பழக்கம் நம்மிடம் கிடையாதா?

அன்புள்ள தம்பி,

கிடையாது என்று உங்கள் ஊர்க்காரர் சொல்லக் கூடாது. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைக்கிறார்கள், செலவு குறையட்டும் என்று. ஆளுக்கொரு நோட்டு. கறிச்சோறு சாப்பிட வருகிறவர், யாருக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்று வீட்டு நோட்டைப் பார்த்துவிட்டே கிளம்புகிறார். வட்டி இல்லை, அடமானம் இல்லை. ஆழ்துளைக் கிணறும் கடையும் அந்தப் பணத்தில் வந்திருக்கின்றன.

ஆனால் சித்தப்பாவிடம் யாரும் "என்ன தொழில்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர் யார் யாருக்கு எழுதியிருக்கிறார் என்பதுதான் அங்கே கணக்கு. இணையத்தில் நீங்கள் முன்பின் தெரியாதவர்களிடம் திட்டத்தைக் காட்டினீர்கள்; ஊர்க்காரர்களுக்கோ உங்கள் பெயரில் இன்னும் நோட்டே இல்லை. இதுதான் மொய்யில் எனக்கு வருத்தம் தரும் இடம். முன்பே எழுத வசதியில்லாதவருக்கு அதில் பக்கம் கிடையாது.

இன்னொன்று, மொய்ப்பணம் முதலீடு அல்ல, கடன். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாங்கலாம். ஆனால் இடையில் வரும் ஒவ்வொரு ஆடியிலும் யாருக்காவது திருப்பி எழுத வேண்டும், வாங்கியதற்கு மேலே கொஞ்சம் போட்டு. நான்கு வருடம் காத்திருந்து லாபம் பார்க்கும் தொழிலுக்கு இது சரிப்படாது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது, எழுத வேண்டியவர், வாங்க வேண்டியவர் இருவர் வருமானமும் ஒரே இரவில் போனது. தெரிந்தவர்களுக்குள்ளேயே சுற்றும் பணத்துக்கு இந்த ஆபத்து உண்டு. 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் இலக்குத் தொகை சேராவிட்டால் போட்டவரிடம் பணமே எடுப்பதில்லை. மொய்யில் அப்படிப் பின்வாங்க முடியாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நன்கொடை கேட்காதீர்கள். எண்ணெயை முன்கூட்டியே விற்றுப் பாருங்கள், உங்கள் அப்பாவைத் தெரிந்த நூறு வீடுகளில். ஒரு நோட்டு போட்டு, பெயர், தொகை, எண்ணெய் தரும் தேதி மூன்றையும் அவர்கள் கண்முன்னே எழுதுங்கள். எழுதி வைத்ததைத் திருப்பித் தருவதில் உங்கள் ஊருக்கு இருக்கும் ரோஷத்தை நான் முழுதாக நம்புகிறேன். முதல் பக்கத்தில் என் பெயருக்கு ஐந்து லிட்டர் எழுதிக்கொள்ளுங்கள். பணம் நாளை அனுப்புகிறேன்.