சம்பந்தி வீட்டார் வரும் நாளில் சீஸ் பிளாட்டோ: கேள்வி பதில்

பாரிஸில் ஒரு சீஸ் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். எங்கட ஆட்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்து, என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போவதைக் கனதரம் கண்டிருக்கிறேன். விருந்துக்கு சீஸ் பிளாட்டோவும் (பல வகைச் சீஸ் அடுக்கிய தட்டு) ஷார்குத்ரித் தட்டும் ஓடர் பண்ணுவது பற்றி வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள். ஷார்குத்ரி என்றால் உப்பிட்டோ, உலர்த்தியோ, புகையூட்டியோ, அவித்தோ பதப்படுத்திய இறைச்சி வகைகள். பெரும்பாலும் பன்றி.

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகினம், பிரெஞ்சுக்காரர். எல்லாமாக இருபது பேர். எவ்வளவு சீஸ் சொல்ல வேணும்?

அக்கா, தட்டு எந்த நேரத்தில் மேசைக்கு வருகிறது என்பதைக் கடையில் முதலில் சொல்லுங்கோ. பிரெஞ்சு வழக்கத்தில் சீஸ் வருவது சாப்பாடு முடிந்து, இனிப்புக்கு முன். அப்போது ஆளுக்கு 60 முதல் 80 கிராம் போதும். தட்டுத்தான் இரவுச் சாப்பாடே என்றால் சீஸ் 150 கிராம், இறைச்சி 100 கிராம், பாண் தாராளமாக. உங்கள் வீட்டில் சோறு கறியும் இருக்கும். இருபது பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

ஒன்பது பத்து வகை கேட்காதேயுங்கோ. துண்டு சின்னதாகச் சின்னதாக சீக்கிரம் காய்ந்துபோகும், ருசியும் பிடிபடாது. நாலு வகை, ஒவ்வொன்றும் நல்ல பெரிய துண்டாக எடுங்கோ. பசுப்பாலில் கெட்டியாக ஒன்று, மென்மையாக ஒன்று, ஆட்டுப்பாலில் ஒன்று, நீலப்பூஞ்சணம் உள்ளது ஒன்று. நான் தெரிவதென்றால் கொம்தே, பிரி த மோ, சென்ட் மோர் த துரேன், ரொக்ஃபோர். சென்ட் மோர் நீளமான உருளை; அதன் நடுவே ஒரு வைக்கோல் தண்டு ஓடும், செய்தவரின் அடையாளம் அதில் பொறித்திருக்கும். வெட்டுவதற்கு முதல் அதை மெல்ல உருவி எடுங்கோ. சம்பந்திக்குக் காட்டிப் பேசுவதற்கு அதுவே ஒரு கதை.

கொம்தேயை மட்டும் அவசரத்தில் வாங்காதேயுங்கோ. ஜூரா மலைப்பக்கத்தில் செய்வது; ஒரு முழுச் சீஸ் வட்டுக்குச் சுமார் 400 லீற்றர் பால் போகும். குறைந்தது 4 மாதம் முதிர்ந்த பிறகுதான் விற்கலாம். வட்டின் விளிம்பில் பச்சைப்பட்டி இருந்தால் தரப் பரிசோதனையில் 20க்கு 14 புள்ளிக்கு மேல் எடுத்தது, மண்ணிறப்பட்டி என்றால் அதற்குக் கீழே. விருந்துக்கு 18 மாதம் முதிர்ந்ததைக் கேளுங்கோ. வாயில் நறநறவென்று வெள்ளைப் புள்ளி கடிபடும். உப்பு என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இருக்கினம். அது உப்பு இல்லை, முதிரும்போது புரதம் உடைந்து படியும் பளிங்கு.

கேள்வி: வெட்டுவதில் ஏதோ முறை இருக்காமே?

இருக்கு. இதைத்தான் சம்பந்தி வீட்டார் கவனிப்பினம். முக்கோணத் துண்டான பிரியின் கூர்முனையை வெட்டி எடுக்கக் கூடாது. நடுப்பகுதிதான் நன்றாக இளகி ருசியாக இருக்கும். அதை ஒருவர் எடுத்தால் மற்றவருக்குத் தோல்தான் மிச்சம். முனையிலிருந்து தோல்வரை பக்கவாட்டில் நீளமாகச் சீவுங்கோ. வட்டமான கமம்பேர் என்றால் கேக் மாதிரி. ரொக்ஃபோரில் எல்லாருக்கும் நீலம் கிடைக்க வேணும், விசிறி மாதிரி வெட்டுங்கோ. நீலச் சீஸுக்குக் கத்தி வேறு.

கேள்வி: நாங்க சென்னை, இப்போ லியோன்ல இருக்கோம். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சீஸ் பால்தானே, எதை வேணா சாப்பிடலாமா?

இல்லைத் தம்பி. நாங்கள் தயிருக்கு உறை ஊற்றுவது போல சீஸுக்கும் உறை உண்டு. பழைய முறையில் அது பால்குடிக் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுப்பது. கொம்தேயிலும் பார்மிஜானோ என்ற இத்தாலியச் சீஸிலும் அதுதான், விதியே அப்படி. பெட்டியில் ‘பிரெசூர்’ (இரைப்பையிலிருந்து எடுத்த உறை) என்று இருந்தால் தவிருங்கோ. நுண்ணுயிர் உறையோ தாவர உறையோ போட்டதைக் கேளுங்கோ. போர்த்துக்கலின் செரா த எஷ்த்ரெலா செம்மறிப்பாலில் செய்வது, உறை ஒருவகை முட்செடிப் பூ. மேல்தோலை மூடிபோல் வெட்டிக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம். உங்கள் தட்டின் நடுவில் அதை வையுங்கோ. கிரானா பதானோ என்ற இத்தாலியக் கெட்டிச் சீஸில் முட்டையிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற பொருள் சேர்ப்பது உண்டு. முட்டை தவிர்ப்பவர்கள் அதையும் கவனிக்க வேணும்.

கேள்வி: வருகிறவர்களில் முஸ்லிம் நண்பர்கள் இருக்கினம், மாடு தொடாத எங்கட ஆட்களும் இருக்கினம். இறைச்சித் தட்டுக்கு என்ன சொல்லலாம்?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் இதிலேதான் பிழை விட்டோம். ஒரு தமிழ் அம்மா ‘பன்றி வேண்டாம்’ என்று மட்டும் எழுதித் தந்திருந்தா. நாங்கள் ப்ரெசாவோலாவும் வியாந்த் தே கிரிசோனும் அடுக்கிக் கொடுத்தோம். இரண்டும் உலர்த்திய மாட்டிறைச்சி. வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துவிட்டு அவ தொலைபேசியில் அழுத குரல் இன்னும் காதில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் இரண்டு கேள்வி கேட்காமல் ஓடர் எழுதுவதில்லை: பன்றியா, மாடா?

இரண்டும் வேண்டாம் என்றால் புகையூட்டிய வாத்து நெஞ்சிறைச்சி, மக்ரே ஃப்யூமே என்பார்கள், மெல்லியதாகச் சீவித் தரச் சொல்லுங்கோ. ஆனால் ‘வாத்து சொசிசோன்’ (உலர்த்திய சொசேஜ்) என்ற பெயரை நம்பி எடுக்காதேயுங்கோ. கனக்க இடத்தில் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கும், மேலுறையும் பன்றிக்குடலாக இருக்கலாம். முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் கடையில் தனியாக எடுத்து, தனித் தட்டில், தனி முள்ளுக்கரண்டியோடு வையுங்கோ. ஒரே பலகையில் மூலைக்கு மூலை பிரித்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்லுவினம். போதாது. சீவின துண்டு சரியும், கொழுப்பு வடியும்.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பம். என் வளைகாப்புக்கு நண்பிகள் தட்டு எடுக்கினம். நான் தொடலாமா?

தங்கச்சி, கொம்தே, எமெந்தால் போன்ற கெட்டிச் சீஸைத் தோல் நீக்கிச் சாப்பிடலாம். பிரி, கமம்பேர், நீலச் சீஸ், பச்சைப்பாலில் செய்த மென்மையான எதுவும் வேண்டாம். லிஸ்தீரியா கிருமி குழந்தையைப் பாதிக்கும். ரியெத், பத்தே (இரண்டும் பாணில் பூசும் இறைச்சி வகைகள்), உலர்த்திய பன்றித்தொடை, புகையூட்டிய வாத்து இவையும் வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் பச்சைப்பால் சீஸ் கொடுக்க வேண்டாம் என்றுதான் இங்கே அரசே சொல்கிறது; கொம்தே போன்ற கெட்டிச் சீஸ் மட்டும் விதிவிலக்கு. உங்களுக்கென்று ஒரு சின்னத் தட்டை வேறாக, வேறு கத்தியோடு கட்டச் சொல்லுங்கோ. எந்தக் கடையும் மாட்டேன் என்னாது.

கேள்வி: எப்ப ஓடர் கொடுக்கிறது, எப்ப வெளியில் எடுத்து வைக்கிறது?

சாதாரண நாளில் மூன்று நாள் முன்னம். நத்தாருக்கும் வருடப்பிறப்புக்கும் இரண்டு கிழமை முன்னம். திங்களில் கனக்கக் கடை பூட்டு, அதையும் பாருங்கோ. சீஸைப் பரிமாற ஒரு மணித்தியாலம் முன் குளிர்பெட்டியிலிருந்து எடுங்கோ, குளிரில் வாசம் அடங்கிக் கிடக்கும். இறைச்சிக்குக் கால் மணித்தியாலம் போதும்.

கேள்வி: மிஞ்சினால்?

பொலித்தீனில் இறுக்கிச் சுற்றாதேயுங்கோ, வியர்த்துப் பிசுபிசுக்கும். கடையில் தந்த அதே தாளில் மடித்து, மரக்கறி வைக்கும் தட்டில் போடுங்கோ. ரொக்ஃபோரை மட்டும் ஒரு டப்பாவில் தனியாக வையுங்கோ, இல்லாவிட்டால் அதன் பூஞ்சணம் பக்கத்தில் உள்ளதற்கும் ஏறிவிடும்.