யாரைப் பார்த்துச் சிரிக்கிறது அரங்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

படத்தைத் திரையரங்கில்தான் பார்க்க வேண்டும் என்று நீங்கள் தொடர்ந்து எழுதிவருவதைப் படித்துவிட்டு, சில மாதங்களுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றுக்குப் போனேன். குடித்துவிட்டு வந்த கணவன் அடித்துப் போட்ட பிறகு, மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் சிதறிய சோற்றை அள்ளும் காட்சி அந்தப் படத்தில் வருகிறது. பின்வரிசையில் ஒரு இளைஞன் கமென்ட் அடித்தான். இரண்டு மூன்று வரிசைகள் சேர்ந்து சிரித்தன. அம்மா அதற்குப் பிறகு இடைவேளை வரை திரையையே பார்க்கவில்லை. அதே படம் ஓடிடியில் வந்தபோது தனியாகக் கைபேசியில் பார்த்தேன். அந்தக் காட்சியில் அழுதுவிட்டேன். கூட்டத்தோடு பார்த்தபோது கிடைக்காத படம் தனியாகப் பார்த்தபோதுதான் கிடைத்தது என்றால், தியேட்டரை ஏன் இத்தனை உயர்த்திப் பேசுகிறீர்கள்?

க., கொடுங்கையூர்

அன்புள்ள க.,

அந்தச் சிரிப்பை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்தப் போவதில்லை. அடிபட்ட பெண் சோற்றை அள்ளும்போது சிரிக்கிற அரங்கு, இயக்குநரும் நடிகையும் பாடுபட்டுக் கட்டிய ஒன்றை நொடியில் இடித்துவிடுகிறது. பார்வையாளரின் எதிர்வினை என்பது படத்துக்கு வெளியே நடக்கும் சலசலப்பு மட்டுமே என்று நினைப்பவர்கள் உங்கள் கடிதத்தைப் படிக்க வேண்டும். ஆனால் தனியாகப் பார்த்ததே உண்மையான படம் என்று நீங்கள் வந்து சேரும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

தியேட்டருக்கென்று எடுக்கப்படும் படம் பார்வையாளருக்கு இடம் விட்டே தொகுக்கப்படுகிறது. ஒரு நகைச்சுவை வசனம் முடிந்த கையோடு அடுத்த வசனத்தை வைத்தால் அது சிரிப்பொலியில் அமுங்கிப்போகும். அதிகம் காத்திருந்தால் சிரிப்பு ஓய்ந்த பிறகு காட்சி தொய்ந்துவிடும். ஹாலிவுட்டின் மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் வெளிவந்த ‘எ நைட் அட் தி ஆபரா’ படத்தின் நகைச்சுவைக் காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்து, சிரிப்பு எங்கே எழுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கதாநாயகனின் அறிமுகக் காட்சியும் இத்தகைய கணக்கில் அமைவதுதான். முதலில் கால், பிறகு கை, பிறகு தோள் என்று காட்டிக்கொண்டே போய், முகம் தெரிந்ததும் வசனம் ஏதுமின்றிப் பின்னணி இசை மட்டும் சில நொடிகள் ஓடுகிறதே, அந்த நொடிகள் விசிலுக்காக விடப்பட்டவை. வீட்டில் தனியாக அமர்ந்து பார்க்கிறவருக்கு அதே இடம் வெற்றிடமாகத் தெரிகிறது. படம் இழுவை என்று சொல்லிவிட்டு விரலால் தள்ளிவிடுகிறார்.

மேடைக் கலையை ஆராய்ந்த நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் 27ஆம் அத்தியாயத்தில் ஒரு நாடகம் வெற்றியடைந்ததை எப்படி அறிவது என்று பேசும்போது, அந்த வெற்றியை மானுடம், தெய்வீகம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. புன்னகை, பெருஞ்சிரிப்பு, ‘ஆகா’ என்ற கூவல், மயிர்க்கூச்சம், இருக்கையை விட்டு எழுதல், துணியையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தல் ஆகியவை மானுட வெற்றியின் அடையாளங்கள். அரங்கு நிறைந்திருந்தும் சத்தமும் சலனமும் இல்லாமல் இருந்தால் அது தெய்வீக வெற்றி. இந்த இரண்டாவது வெற்றிக்கும் அரங்கு நிறைந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் தனியாகக் கைபேசியில் பார்த்தபோது கிடைத்த அமைதி மதிக்கத்தக்கது என்றாலும், முந்நூறு பேர் ஒரே சமயத்தில் மூச்சை அடக்கிக்கொள்ளும் அமைதி வேறு வகையைச் சேர்ந்தது.

1967இல் திறக்கப்பட்டு 2020இல் மூடப்பட்ட தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் நான் பார்த்த ஒரு பகல் காட்சியைச் சொல்கிறேன். காசிமேட்டில் வியாபாரம் முடித்து நேராக வந்திருந்த பெண்கள் நான்கைந்து பேர், காலிக் கூடைகளை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பல வருடம் கழித்துத் திரும்பிவந்த மகன் வாசலில் நிற்கிறான். தாய்க்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண்களில் ஒருவர் திரையைப் பார்த்து, “இன்னாடி இது, உம் புள்ளடி அவன், நல்லாப் பாரு!” என்று உரக்கச் சொன்னார். அரங்கு முழுவதும் சிரித்தது. அடுத்த கணம் திரையில் தாய் கையை நீட்டி மகனின் கன்னத்தைத் தொட்டபோது, சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அடங்கிப் போனார்கள். மின்விசிறிகள் சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. அந்தப் பெண்ணின் குரல் எங்கள் எல்லோரையும் அந்த வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

இதையும் உங்கள் பின்வரிசை இளைஞனின் கமென்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் சத்தம்தான், இரண்டும் சிரிப்பை எழுப்பின. ஆனால் அந்தப் பெண் பேசியது திரையில் இருந்த தாயிடம். உங்கள் பின்வரிசை இளைஞன் பேசியது பக்கத்து இருக்கை நண்பர்களிடம். ஒரு எதிர்வினை படத்தைக் கெடுக்கிறதா வளர்க்கிறதா என்று அளக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்.

ஆரவாரம் என்றாலே கேடு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1931 அக்டோபரில் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ சென்னையில் கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானபோது, படச்சுருள் பெட்டிகள் வந்த வழியெல்லாம் மக்கள் பின்தொடர்ந்து பூத்தூவித் தேங்காய் உடைத்தார்கள். படம் தொடங்கும் முன்பே எழுந்த ஆரவாரம் அது. எனினும் திரை பேசப்போகிறது என்ற மகிழ்ச்சியில் அதை நோக்கியே எழுந்தது. இன்று முதல் நாள் காட்சிகளில் நாயகன் தோன்றியதும் நூறு கைபேசிகள் உயர்கின்றன. கையில் கைபேசி இருப்பவர் படத்தைப் பார்ப்பதில்லை. தான் படம் பார்ப்பதைப் பிறருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். விசிலைவிட இதுவே என்னை அதிகம் வருத்துகிறது.

கூட்டம் இல்லாததால் என்ன இழக்கிறோம் என்பதை வடசென்னை 2021 ஜூலையில் அனுபவித்தது. 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டை மரபைச் சொல்லும் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’, கொரோனா காலத்தில் தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வெளியானது. களத்தைச் சுற்றி நிற்கும் ஜனத்தின் கூச்சல்தான் அந்தப் படத்துச் சண்டைகளின் பாதி உயிர். அதில் வரும் குத்துச்சண்டை வீரன் டான்சிங் ரோஸ் ஆடிக்கொண்டே எதிராளியைச் சுற்றிவரும்போது ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் ஒரு தியேட்டர் எப்படி அதிர்ந்திருக்கும்! வடசென்னை மக்கள் தங்கள் தாத்தாக்களின் கதையை ஆளுக்கொரு கைபேசியில், தனித்தனி அறைகளில் பார்த்தார்கள். படம் கொண்டாடப்பட்டது என்பது உண்மை. ஆனாலும் அந்த மக்கள் சேர்ந்து கத்திப் பார்க்க வேண்டிய படம் அது, அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

இனி அந்த இளைஞர்கள் ஏன் சிரித்தார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரொவைன், தனிமையில் இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்றும், அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி வேடிக்கையான பேச்சைத் தொடர்ந்து வருவதில்லை என்றும் கண்டறிந்தார். சேர்ந்திருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளவே பெரும்பாலும் சிரிக்கிறோம். அந்தக் காட்சியைத் தன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பையன்கூட அந்த வரிசையில் இருந்திருக்கலாம். நண்பர்களுக்கு நடுவே தன் முகம் மாறுவதை மறைக்க அவனுக்குக் கிடைத்த ஒரே வழி சிரிப்பாக இருந்திருக்கலாம். அதற்காகக் குற்றம் குறைந்துவிடாது. ஆனால் அந்தக் குற்றத்தில் நம் சினிமாவுக்கும் பங்கு உண்டு. ‘திமிர் பிடித்த’ நாயகியை நாயகன் அறையும் காட்சியைப் படமாக்கி, அதன் பிறகு விசிலுக்கென்று சில நொடிகளை ஒதுக்கி, அந்த விசிலைப் பல தலைமுறைகளுக்குப் பழக்கியது நம் படங்கள்தான். பெண் அடிபட்டதும் சிரிக்க வேண்டும் என்று அரங்கு அங்கேதான் கற்றுக்கொண்டது.

கற்றதை மாற்றவும் முடியும், அதுவும் அரங்கிலேயே நடக்கிறது. ஒருவன் தொடங்கினால் மூன்று வரிசை சிரிப்பதுபோல, ஒரு பெரியவர் திரும்பி “சும்மா இருங்கப்பா, படத்தைப் பாப்போம்” என்று சொன்னால் மூன்று வரிசை அடங்குவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மாவோடு தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு இருட்டில் அப்படிச் சொல்வது எளிதல்ல என்பது தெரியும். அதைச் சொல்லும் பொறுப்பு அங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு, என்னைப் போன்றவர்களுக்கு, முதலில் உண்டு. வாய்மூடி இருந்த அத்தனை பேரும் அன்று உங்களுக்கும் அம்மாவுக்கும் கடன்பட்டிருக்கிறார்கள்.

பெரம்பூரில் 1985இல் ரஜினிகாந்த் திறந்துவைத்த ஸ்ரீ பிருந்தா தியேட்டரும் 2025இல் மூடப்பட்டுவிட்டது. நம் பகுதியில் ஒரே பெரிய கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே இருக்கிற தியேட்டரை நீங்கள் விட்டுவிடக் கூடாது என்பது என் விருப்பம். முதல் வாரத்தைத் தவிர்த்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு வேலைநாளின் மாலைக் காட்சிக்குப் போங்கள். படம் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருவார்கள். வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் அதிகம் இருப்பார்கள். நடுவரிசையில் இடம் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்.