துல்லியமும் உண்மையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கீழை நாடுகளை மேற்கத்தியர் சித்திரித்த விதத்தை விமர்சித்து எட்வர்ட் சயீத் 1978இல் எழுதிய ‘ஓரியண்டலிசம்’ நூலின் அட்டையில் ழெரோம் என்ற பிரெஞ்சு ஓவியரின் ‘பாம்பாட்டி’யைப் பார்த்தேன். புகைப்படம்போல அத்தனை துல்லியமாக இருக்கும் ஓவியத்தை, கீழை நாடுகளைத் திரித்துக் காட்டுகிறது என்று குறைகூறுவது நியாயமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நியாயம்தான். அந்தத் துல்லியமே நம்மை ஏமாற்றுகிறது. ஆடையற்ற சிறுவன் ஒருவன் மலைப்பாம்பை உடலில் சுற்றிக்கொண்டு நமக்கு முதுகுகாட்டி நிற்க, எதிரே ஆயுதம் தரித்தவர்கள் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த நீல ஓட்டுச் சுவர் இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையைப் பார்த்து வரையப்பட்டது. ஆனால் அங்கே இப்படியொரு பாம்பாட்டம் நடந்ததில்லை. ஓடுகள் உண்மை, காட்சி கற்பனை. ஏறத்தாழ 1879இல் வரையப்பட்ட இந்த ஓவியத்துக்கு இரண்டாண்டு முன்பே அந்நகரில் நாடாளுமன்றம் கூடியிருந்தது என்பதை, படத்தில் உள்ள சோம்பலைப் பார்க்கிறவர் எப்படி ஊகிக்க முடியும்? 1983இல் லிண்டா நோக்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் இதைத்தான் சுட்டினார்: அங்கே வரலாறு இல்லை, உழைப்பு இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும் ஐரோப்பியரும் இல்லை.

ஆங்க்ர் என்ற ஓவியரின் செயல் இதைவிட என்னை வருத்துகிறது. கீழை நாடு எதிலும் கால்வைக்காத அவர், 1862இல், தம் 82ஆம் வயதில், ‘துருக்கியக் குளியலறை’யை முடித்தார். அவருக்கு ஆதாரமாக இருந்தவை மேரி மாண்டேகு என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் கடிதங்கள். அன்று துருக்கிய ஆட்சியில் இருந்த சோபியா நகரப் பெண்கள் குளியலறைக்கு 1717இல் நேரில் சென்ற அவர், அங்கே பெண்கள் பேசிக்கொண்டும், கைவேலை செய்துகொண்டும், காபி குடித்துக்கொண்டும் இருந்ததை எழுதி, ஊர்ச் செய்தியெல்லாம் பரிமாறப்படும் பெண்களின் காபிக்கடை என்றே அதை வருணித்தார். ஒருவரிடமும் அநாகரிகமான சைகை ஒன்றுகூட இல்லை என்றும் குறித்தார். ஆங்க்ர் அந்தப் பெண்களின் உடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சையும் வேலையையும் விட்டுவிட்டார். பாரிஸில் ஓவியம் பயின்ற துருக்கியரான உஸ்மான் ஹம்தி பேயின் படங்களில் பெண்கள் புத்தகம் வாசிக்கிறார்கள், இசைக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் மேற்கத்தியரின் ஆய்வு முழுவதையும் தள்ளிவிட வேண்டியதுதானா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. இந்தியாவுக்கு வராமல், இந்திய மொழி ஒன்றும் அறியாமல், 1817இல் இந்திய வரலாறு எழுதிய ஜேம்ஸ் மில், அந்த விலகலே நடுநிலையான தீர்ப்புக்கு உதவும் என்று முன்னுரையில் வாதிட்டார். அந்த நூல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குப் பாடமாகவும் ஆயிற்று. மில்லின் நூல் வருவதற்கு ஓராண்டு முன், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத ஒரே குடும்பத்து மொழிகள் என்று நிறுவினார். அவரும் ஆட்சியாளர்தான். எனினும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் பண்டிதர்களோடு அமர்ந்து படித்தவர். அந்தச் சான்றுக்கு வேண்டிய தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்துத் தந்த பட்டாபிராம சாஸ்திரியின் பெயரும் எல்லிஸின் பெயரோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.