லண்டனில் நடிப்புக்கு பி.ஏ.: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இங்கிலாந்தின் நாடகப் பள்ளிகளில் நடிப்பு படிப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. லண்டனில் அந்த மூன்று வருடப் படிப்பை முடித்தவள் நான். வேலை கிடைக்கும்போது மேடையில் நடிக்கிறேன். மற்ற நாட்களில் ஓடிஷனுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் குரலும் உச்சரிப்பும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

குரொய்டனில் இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, "ட்ராமா" டிகிரியும் "ஆக்டிங்" டிகிரியும் ஒன்றுதானா?

இல்லை. இதைத் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டு முதல் வருடமே அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் ட்ராமா என்றால் நாடக வரலாறு, கோட்பாடு, கட்டுரை, அதோடு கொஞ்சம் செய்முறை. நாடகப் பள்ளியில் ஆக்டிங் என்றால் கிழமை நாட்களில் காலையில் போய் மாலை ஆறு மணிக்கு வெளியே வருகிற படிப்பு. ஒத்திகை நேரத்தில் அதுவும் பிந்தும். குரல், அசைவு, பாட்டு, மேடைச் சண்டை, உச்சரிப்பு, ஒத்திகை என்று நாள் முழுக்க உடம்புதான் வேலை செய்யும். எழுதுகிற வேலை குறைவு.

இப்படி நடிப்பு சொல்லிக் கொடுக்கிற பெயர்பெற்ற பள்ளிகள்: லண்டனில் ராடா (1904இல் தொடங்கியது), லாம்டா (1861), சென்ட்ரல் (1906), கில்ட்ஹால். வெளியே கார்டிஃபில் ராயல் வெல்ஷ், கிளாஸ்கோவில் ராயல் கன்சர்வட்டோர். ராடாவின் நடிப்பு பி.ஏ.க்கு வருடத்துக்கு 28 பேர்தான். விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில்.

ஹரோவில் இருந்து ஒரு அம்மா: மகள் ஏ லெவலில் நல்லாச் செய்கிற பிள்ளை. இதுக்குப் போனால் அந்த மார்க்ஸ் எல்லாம் வீண்தானே? பிறகு வேலை?

அக்கா, மார்க்ஸைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பாதி சரி. பல பள்ளிகளில் ஓடிஷன்தான் தீர்மானிக்கும். ஏ லெவலில் (பள்ளியின் கடைசிப் பரீட்சையில்) என்ன எடுத்தீர்கள் என்பதைச் சில இடங்களில் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. ஆனால் நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு நாடகத்தை வாசித்து உள்ளே என்ன நடக்கிறது என்று பிடிக்கத் தெரியும். அது ஓடிஷனில் வடிவாகத் தெரியும்.

வேலையைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் அநேகம் பேர் பக்கத்தில் வேறு வேலையும் செய்கிறார்கள், நான் உட்பட. மூன்றாம் வருடத்தில் பொதுமக்களுக்கு நாடகங்கள் போடுவோம். "ஷோகேஸ்" என்று இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளை ஏஜென்ட்களுக்கும் காஸ்டிங் செய்பவர்களுக்கும் நடித்துக் காட்டுவோம். ஏஜென்ட் கிடைத்தால் கதவு திறக்கும், கிடைக்காவிட்டால் சரியான கஷ்டம். 1927இல் இருந்து நடிகர்களின் விவரத்தைப் போட்டு வருகிற ஸ்பாட்லைட் பட்டியலில் பேர் இருப்பது அவசியம். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் படித்தால் அது சிரமமில்லை.

கடன் பயத்துக்கு: 2025-26இல் இங்கிலாந்து மாணவர்களுக்கு உச்சக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண். மருத்துவம் படித்தாலும் வருடக் கட்டணத்தின் உச்சம் அதேதான். இப்போது சேருகிறவர்கள் வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும். 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. நடிகைக்கு அந்த 25,000 வராத வருடங்களும் உண்டு, அப்போது கட்டவும் தேவையில்லை. பிறகு ஆசிரியர் பயிற்சிக்கோ எம்.ஏ.க்கோ போகலாம், இதுவும் டிகிரிதான். மகளை விடுங்கள்.

பலர்: ஓடிஷனில் என்ன செய்யச் சொல்வார்கள்?

பொதுவாக இரண்டு தனிப்பேச்சு. ஒன்று ஷேக்ஸ்பியர் அல்லது அவர் காலத்தவர், இன்னொன்று நவீன நாடகம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். சில இடங்களில் ஒரு பாட்டும் கேட்பார்கள். முதல் சுற்றை இப்போது பல பள்ளிகள் வீடியோவில் கேட்கின்றன. தாண்டினால் நேரில் கூப்பிடுவார்கள், கடைசிச் சுற்று பெரும்பாலும் ஒரு நாள் முழுக்கப் பயிற்சிப் பட்டறை மாதிரி நடக்கும்.

என்னிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அழுகிற பேச்சாகத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அழுதால் நடிப்பு என்ற எண்ணம் எங்கள் சினிமா கொடுத்தது. தேர்வுக்குழுவுக்கு முன்னால் நாள் முழுக்க ஆட்கள் அழுதுகொண்டே இருக்கிறார்கள், பாவம். அவர்கள் பார்ப்பது வேறு. நீ யாரோடு கதைக்கிறாய்? அவரிடமிருந்து உனக்கு என்ன வேண்டும்? இந்த வரி பலிக்காவிட்டால் அடுத்த வரியில் வேறு எப்படி முயல்கிறாய்? மன்னிப்புக் கேட்கிற பாத்திரம் கண்ணீரை அடக்கத்தான் பார்க்கும், காட்டப் பார்க்காது.

முழு நாடகத்தையும் வாசித்துவிட்டுப் போங்கள். இணையத்தில் தனிப்பேச்சு என்று தனியாகக் கிடைப்பதை மட்டும் மனப்பாடம் செய்தால், "இதற்கு முந்தின காட்சியில் என்ன நடந்தது?" என்ற ஒரே கேள்வியில் பிடிபடுவீர்கள். உங்கள் வயதுக்குப் பக்கத்தில் உள்ள பாத்திரமாக எடுங்கள். பதினெட்டு வயதில் கிழ ராஜா வேண்டாம்.

நடித்து முடித்ததும், "இதையே ரகசியம் சொல்வது போலச் செய்" என்று மாற்றச் சொல்லலாம். முதலில் செய்தது பிழை என்று அர்த்தமில்லை. சொன்னதைக் கேட்டு உடனே மாற ஏலுமா என்றுதான் பார்க்கிறார்கள். வீட்டில் ஒரே மாதிரிச் செய்து செய்து இறுகிப் போனவர்கள் விழுவது இங்கேதான்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: அக்கா வணக்கம். தமிழ் மீடியத்தில் படித்தவன். என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டாலே நிராகரித்துவிடுவார்களோ?

வணக்கம் தம்பி. பிரிட்டிஷ் ராஜகுடும்பம் மாதிரிக் கதைக்க வேண்டிய காலம் போய்விட்டது. கிளாஸ்கோக்காரர் கிளாஸ்கோ ஆங்கிலத்திலேயே ஷேக்ஸ்பியர் பேசுகிறார். உங்கள் உச்சரிப்பு உங்களுடையதாக இருக்கட்டும், பேசுவது புரிந்தால் போதும். அதற்கு மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அழுத்தம். தமிழில் குறிலா நெடிலா, ஒற்று வருகிறதா என்று பார்த்து நேர், நிரை பிரிக்கிறோம். எந்த அசையையும் தனியாக அமுக்குவதில்லை. ஆங்கிலச் செய்யுள் நடப்பதே அழுத்தத்தில்தான். ஷேக்ஸ்பியரின் வழக்கமான வரியில் பத்து அசை, ஒன்றுவிட்டு ஒன்றில் அழுத்தம், ஆக ஐந்து. எல்லா அசைக்கும் ஒரே கனம் கொடுத்தால் சொல் சரியாக இருந்தாலும் கேட்பவருக்குப் பொருள் கலங்கும். வரியைத் தட்டித் தட்டிச் சொல்லிப் பழகி, பிறகு தட்டுவதை விடுங்கள்.

இரண்டு, சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகள். ஆங்கிலத்தில் அவற்றோடு ஒரு காற்று வரும். எங்களுக்கு வராது. அதனால் நாங்கள் pin (ஊசி) என்று சொன்னால் அவர்களுக்கு bin (குப்பைத் தொட்டி) என்று கேட்கும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து, அது ஆடுகிறதா என்று பாருங்கள்.

மூன்று, நாங்கள் ட சொல்லும்போது நாக்கு மடிந்து மேலே போகும். ஆங்கிலத்தில் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில் தொட்டால் போதும். யாழ்ப்பாணத்தில் "காற்று" என்று சொல்லும்போது தொடுகிற இடம் அதுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் ஊர்க்காரருக்குக் கொஞ்சம் முற்பணம் கிடைத்திருக்கிறது!

அதே தம்பி: செலவு?

வெளிநாட்டு மாணவர்களுக்குப் பெரிய பள்ளிகளில் வருடத்துக்கு 20,000 பவுணுக்கு மேல். லண்டன் வாடகை தனி. மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேர வேலைதான் பொதுவான வரம்பு, அதிலும் தொழில்முறைக் கலைஞராக வேலை செய்யவே கூடாது. அதாவது படிக்கிற தொழிலில் சம்பாதிக்க ஏலாது. முழு உதவித்தொகை இல்லாமல் காணியை விற்று வருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உங்களுக்குப் பக்கத்திலேயே திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. ஜி. சங்கரப் பிள்ளை 1977இல் தொடங்கி நடத்தியது. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு நாடகத்தில் இளங்கலை படிக்கலாம். டெல்லியின் தேசிய நாடகப் பள்ளிக்கு ஏற்கெனவே ஒரு டிகிரியும் நாடக அனுபவமும் வேண்டும். எனவே முதலில் திருச்சூர், பிறகு டெல்லி என்பது நல்ல வழி.

மட்டக்களப்பிலிருந்து: வடமோடிக் கூத்து ஆடி வளர்ந்தவன் நான். அது இந்தப் படிப்புக்கு உதவுமா?

உதவும், சந்தேகமே வேண்டாம். மத்தளக்கட்டுக்கு ஆடிக்கொண்டே பாடுகிற மூச்சு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் திருத்தத் திருத்த ஏற்றுக்கொள்கிற பழக்கம், வட்டக்களரியில் நாலு பக்கமும் இருக்கிற ஆட்களுக்கு நடித்த அனுபவம், இதெல்லாம் இங்கே பலருக்குப் புதிது. ஆனால் கூத்தில் உடம்பு பெரிதாகப் பேசும். கமராவுக்கு முன்னால் அதை ஒடுக்கப் பழக வேண்டும். ஊரிலேயே படிப்பதென்றால் உங்கள் பக்கத்திலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறதே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நாடகமும் அரங்கியலும் உண்டு.

ஈஸ்ட்ஹாமில் இருந்து: முதல் வருடம் என்ன நாடகம் போட்டீர்கள்?

வெளியாருக்கு ஒன்றும் போடவில்லை. முதல் வருடம் உடம்பின் பழைய பழக்கங்களைக் கழற்றுகிற காலம். தரையில் படுத்து மூச்சுக் கவனிப்போம். மேடையில் தன் குரல் போய்விட்டதே என்று காரணம் தேடிய அலெக்சாண்டர் என்ற ஆஸ்திரேலிய நடிகரின் உத்தி ஒன்று உண்டு, கழுத்தையும் முதுகையும் இறுக்காமல் நிற்கப் பழக்கும். அசைவை ஆராய்ந்த லாபன் என்பவரின் எட்டு வகை அசைவுகள் உண்டு. மிருகப் பயிற்சி என்றும் ஒன்று: மிருகக்காட்சிசாலைக்குப் போய் ஒரு மிருகத்தைக் கவனித்து, அதுவாக நடந்து, பிறகு மெல்ல மெல்ல அதை மனிதனாக்க வேண்டும். நான் எடுத்தது ஆமை. அப்பாவிடம் சொல்லவில்லை.

கேம்பிரிட்ஜில் இருந்து: எங்களுக்குக் கடைக்காரர், டாக்டர் வேஷம்தானே தருவார்கள்?

பள்ளிக்குள் ராணியும் நடிப்பீர்கள், கொலைகாரியும் நடிப்பீர்கள். வெளியே இன்னும் அந்த வேஷங்கள் வரத்தான் செய்யும், நானும் மருந்துக்கடையில் நின்றிருக்கிறேன். ஆனால் 1977இல் ஜதிந்தர் வர்மாவும் நண்பர்களும் தொடங்கிய தாரா ஆர்ட்ஸ், 1989இல் வந்த தமாஷா போன்ற தெற்காசிய நாடகக் குழுக்கள் பாதி வழியை வெட்டிவிட்டன. லண்டனின் சவுத்ஹாலில் ஒரு சீக்கிய இளைஞர் கொல்லப்பட்ட கோபத்தில் பிறந்தது தாரா. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

ஒருவர்: படிக்கும்போதே படத்தில் நடிக்கலாமா?

பள்ளி அனுமதி இல்லாமல் முடியாது. தவணைக் காலத்தில் அனுமதி கிடைப்பது அரிது.

கடைசிக் கேள்வி, பலரிடமிருந்து: எப்போது விண்ணப்பிப்பது?

சேருவதற்கு முந்தின வருட இலையுதிர் காலத்தில். சில பள்ளிகளுக்கு நேரடியாக, சிலவற்றுக்கு யூகாஸ் (பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளம்) வழியாக. முடிவுத் தேதிகள் பள்ளிக்குப் பள்ளி வேறு, அந்தந்தத் தளத்தில் பாருங்கள். ஓடிஷனுக்குக் கட்டணம் கேட்டால், வருமானம் குறைந்த குடும்பத்துக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒரே பள்ளியை நம்பாமல் நாலைந்துக்குப் போடுங்கள். முதல் வருடம் கிடைக்காமல் மறு வருடமோ அதற்கடுத்த வருடமோ சேர்ந்தவர்கள் என் வகுப்பிலேயே நிறைய. அப்படியானால் அடுத்த முறை அதே பேச்சுகளோடு போகாதீர்கள்.