கைவினைக் கேள்வி பதில்: நைந்த கொட்டானில் அச்சுப்படம்

கே: கிழிந்த கொட்டான்களை (பனை ஓலைக் கூடைகளை) அட்டையில் ஒட்டி, மை தடவி அச்சுப்படம் எடுக்கிறேன். இரண்டாவது தாளிலேயே ஓலை பிய்ந்து வருகிறது. பின்னலும் தெளிவாக விழவில்லை. என்னிடம் அச்சு பிரஸ் கிடையாது.
- வாசகி, தேவகோட்டை

ப: பூச்சு இல்லாத ஓலையும் அட்டையும் மையிலுள்ள எண்ணெயைக் குடித்துவிடும். மிஞ்சும் மை பசையாகித் தாளைப் பிடித்துக்கொள்ளும். ஓலை பிய்வது அதனால்தான். முதலில் கொட்டானின் தடித்த விளிம்பை வெட்டி எடுங்கள். அது இருந்தால் அந்த இடத்தில் தாள் தூக்கிக்கொண்டு, சுற்றிலும் மை படாது. ஓலையை அரை மணி நேரம் ஊறவைத்து, செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, மேலே உடைந்த ஆத்தங்குடித் தரைக்கற்களை அடுக்கி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு 3 மி.மீ. அட்டையில் ஃபெவிகாலால் ஒட்டி, தச்சர்கள் பூசும் அரக்கு பாலிஷை முன்னும் பின்னும் ஓரங்களிலும் இரண்டு கை பூசுங்கள். ஓரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அட்டை உப்பத் தொடங்குவது அங்கேதான்.

கையால் எடுக்கும்போது மை மேட்டில் மட்டும் நிற்க வேண்டும். ஆஃப்செட் மையைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாகப் பரப்பி, கெட்டியான ரப்பர் ரோலரால் நாலைந்து முறை லேசாக உருட்டுங்கள். ஒரேயடியாக அப்பினால் பின்னலின் கண்கள் அடைபடும். தாளும் மெல்லிசாக இருக்கட்டும், 300 ஜி.எஸ்.எம். போன்ற தடித்த தாள் பிரஸ்ஸுக்குத்தான் சரிப்படும். எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். துடைக்க மண்ணெண்ணெய் போதும். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், அரக்கு கரைந்துவிடும்.

நைந்த ஓலையை ஒதுக்காதீர்கள். புதுக் கொட்டானில் கட்டம் கட்டமாகத்தான் விழும். கைபட்டுத் தேய்ந்த ஓலையில்தான் கோடு உயிரோடு விழுகிறது.

கே: தகர வாளி, பித்தளைப் பூட்டு, எனாமல் தட்டு, உடைந்த பீங்கான் இவற்றைக் கொண்டு மயில் செய்கிறேன். வெல்டிங் பிடிக்கவில்லை.
- வாசகர், காரைக்குடி

ப: வெல்டிங்கை விட்டுவிடுங்கள். வாளியின் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். இரும்பு வெல்டிங் ராடு பித்தளையில் பிடிக்காது. சூட்டில் எனாமலும் தெறிக்கும். துளை போட்டு 4 மி.மீ. போல்ட்டால் முடுக்குங்கள். தட்டின் அடியில் மரக்கட்டை வைத்து, துளையிடும் இடத்தில் டேப் ஒட்டி, மெதுவாக இறக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முற்றத்தில் மழை படும் இடமென்றால், பித்தளைக்கும் தகரத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபை வாஷராக வெட்டிப் போடுங்கள். ஈரத்தில் இரண்டும் ஒட்டியிருந்தால் தகரம்தான் அரிக்கும்.

பீங்கானைச் சிமெண்டில் பதியுங்கள். சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கி, 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்துச் சிலைகள் பலவும் அப்படிச் செய்தவைதான். நம் ஊர் வெயிலில் சிமெண்ட் சீக்கிரம் வறண்டு வெடிக்கும். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போர்த்தி வையுங்கள்.