நண்பரின் நாவலுக்கு மதிப்புரை

ஐயா,
என்னோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் தேயிலைத் தோட்ட வாழ்க்கையை வைத்து நாவல் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் ஹட்டனில் வெளியீடு. பத்திரிகைக்கு மதிப்புரை கேட்கிறார். எழுதினால் கதைச்சுருக்கமாகிவிடுகிறது, இல்லாவிட்டால் வெறும் பாராட்டு. குறை சொன்னால் முகம் முறியும். என்ன செய்யலாம்?
ஓர் ஆசிரியர், பண்டாரவளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கதையை நாலைந்து வரிக்குள் முடித்துவிடுங்கள். முடிவைச் சொல்லாதீர்கள்.

'மண்மணம் கமழும் படைப்பு' என்று வந்தால் அடித்துவிடுங்கள். நம் விழாக்களில் எல்லாப் புத்தகத்துக்கும் அதே பொன்னாடைதான். நாவலில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். கொழுந்து நிறுக்கும் காட்சி இருக்கிறது, கிலோ குறைந்து ஒருத்திக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிறது என்று வையுங்கள். 'அவள் மனம் நொறுங்கியது' என்று எழுதிவிட்டுப் போகிறாரா, இல்லை அவள் அங்கேயே நின்று கடைக் கடனைக் கூட்டிப் பார்க்கிறாளா? அந்த வரிகளையே எடுத்துப் போட்டு, உங்களுக்கு அது பட்டதா, ஏன் என்று எழுதுங்கள். பாதி மதிப்புரை அங்கேயே முடிந்துவிடும்.

தகவலையும் பாருங்கள். கொழும்பு விமர்சகர் கண்ணில் படாதது உங்கள் கண்ணில் படும். 1980இல் லண்டன் கம்பெனி முதலாளி தோட்டத்தை விற்கிறார் என்றால் இடிக்கும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசின் கைக்குப் போய்விட்டன. நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் வந்தது 1992இல். போகிற போக்கில் வந்த பிழையென்றால் ஒரு வரி போதும். கதையின் மோதலே அந்த முதலாளியை நம்பி இருந்தால் விரிவாகவே எழுத வேண்டும். (எழுத்துப் பிழைப் பட்டியலை நண்பரிடம் தனியாகக் கொடுங்கள், அடுத்த பதிப்புக்கு உதவும்.)

அவர் நண்பர் என்பதை மதிப்புரையிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துப் பாராட்டினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். குறையை எழுதும்போது பக்கத்தைக் காட்டுங்கள். 'பிரஜாவுரிமைப் பேச்சு வந்ததும் பாத்திரங்கள் மேடையேறிவிடுகிறார்கள்' என்றால் அவர் திருப்பிப் பார்ப்பார். 'நாவல் எழுதத் தெரியவில்லை' என்றால் சண்டைக்குத்தான் வருவார். தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948 சட்டத்தையும், அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையும் தொட்டதாலேயே ஒரு நாவல் நல்ல நாவலாகிவிடாது என்பது என் கட்சி. இங்கே பலருக்கு அது பிடிப்பதில்லை.

விலை, பக்கம், எங்கே வாங்கலாம் என்பதை மறக்காதீர்கள். கைக்காசில் அச்சடித்த எத்தனையோ நூல்கள் எழுதியவர் வீட்டு அலுமாரியிலேயே கிடக்கின்றன.

அச்சில் வருமுன் நண்பரிடம் காட்ட வேண்டாம். கேட்பார். பத்திரிகையில் பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.