முப்பரிமாண கார்பன் நெசவு: கேட்டதும் சொன்னதும்

நீளம், அகலம் மட்டுமில்லாமல் தடிமன் வழியாகவும் கார்பன் நூல் ஓடும்படி நெய்வதுதான் முப்பரிமாண நெசவு. அந்தத் தறியில் சில வருடம் நின்றவன் என்பதால் வந்த கேள்விகள் இவை.

கார்பன் துணியை அடுக்கி ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) விட்டாலே பலகை ஆகிவிடுகிறதே, தடிமனாக நெய்வது எதற்கு?

அடுக்குகளுக்கு நடுவே இருப்பது வெறும் ரெசின். விமானப் பாகத்தில் பறவை மோதினால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். மேலிருந்து கீழாக ஒரு நூலும் ஓடினால் பிளவு அதில் முட்டித் திணறும். இலவம்பஞ்சு மெத்தையில் இடையிடையே குத்தி முடிச்சுப் போடுவார்களே, அந்த வேலைதான்; இங்கே நெய்யும்போதே நடந்துவிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் இப்படியே நெய்யலாமே?

வேண்டாம். மேலிருந்து கீழாகப் போகும் நூல் நீளவாக்கில் சுமை தாங்காது. மற்ற நூல்களையும் கொஞ்சம் வளைத்துவிடும். அடி வாங்கும் இடத்துக்குத்தான் இது லாயக்கு.

நான் பவர்லூம் ஓட்டுகிறேன். பாவு நூலை, அதாவது நீளவாக்கு நூலை, உருளையில் சுற்றித்தானே ஓட்டுவீர்கள்?

ஒற்றை உருளை சரிப்படாது. நேராகப் போகும் பாவு குறைவாகச் செலவாகும், மேலும் கீழும் இறங்கி ஏறும் பாவு அதிகம் தின்னும். ஒன்றாகச் சுற்றினால் ஒன்று தளரும், இன்னொன்று விறைக்கும். அதனால் ஸ்டாண்டில் ஆயிரக்கணக்கான பாபின்கள், ஒவ்வொன்றுக்கும் தனி இழுவை. பாவு நூல்களைத் தனித்தனியாகத் தூக்குவது உங்களுக்குத் தெரிந்த ஜக்கார்டு கருவிதான். நெய்ததைச் சுருட்ட முடியாது, நேராகவே இழுக்க வேண்டும்.

அப்புறம் நூலின் குணம். 12கே கற்றை என்றால் 12,000 இழை, ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரான். 2 சதவீதம் நீண்டாலே அறுந்துவிடும். தறியில் நூல் நுழைந்து வரும் அச்சுப் பல்லில் உரசி உரசிக் கறுப்புப் பஞ்சு கிளம்பும். வறண்ட விரலால் தொட்டால்கூட இழை ஒட்டிக்கொண்டு வரும்.

அந்தத் தூசி ஆபத்தா?

தோலில் அரிக்கும், அதைவிடக் கரண்ட் கடத்தும். மூடி சரியாகப் பொருந்தாத ஒரு மின் பேனலில் தூசி படிந்து ஷார்ட் ஆகி, எங்கள் தறி அரை நாள் நின்றது. அன்றிலிருந்து காலையில் வந்ததும் பேனல் ரப்பரைத் தடவிப் பார்ப்பேன்.

எங்காவது நிஜமாகப் பயன்படுகிறதா?

ஏர்பஸ் ஏ320நியோ விமானத்தில் 2016 முதல் பறக்கும் லீப் இன்ஜினின் முன் விசிறி இறக்கைகள் இப்படி நெய்ததுதான். அடியில் தடிமனாகவும் நுனியில் மெல்லியதாகவும் வருகிற மாதிரி, நூல்களை வழியிலேயே வெளியேற்றி நெய்கிறார்கள். பிறகு மூடிய வார்ப்பு அச்சில் வைத்து ரெசினை அழுத்திச் செலுத்தி வேகவைத்து, காற்றை வெட்டும் விளிம்பில் டைட்டானியம் ஒட்டுவார்கள். முந்தைய சிஎஃப்எம்56-5பி இன்ஜினில் 36 இறக்கை. இதில் 18 போதும்.